படமும் எடுக்கல, துணியும் தைக்கல: ஃபேஷன் இதழ் ஆசிரியரோட படைப்பாற்றல் எங்கதான் இருக்கு?

#1 வெள்ளைத்தாள்

நேத்து ராத்திரி தோழியோட ஃபோன்ல ஒரு மணி நேரம் சண்டை. ஆறவே இல்ல, அதான் இங்க வந்து கொட்டுறேன்.

அவ ஒரு ஃபேஷன் மாத இதழ்ல பத்து வருஷமா ஸ்டைலிஸ்டா இருந்தா. போன வாரம் ஆசிரியர் பொறுப்பு கைக்கு வந்திருக்கு. வாழ்த்து சொல்லத்தான் கூப்பிட்டேன். "இனிமே உன் கற்பனைக்கெல்லாம் லீவு, மீட்டிங்தான் வேலை"னு விளையாட்டாச் சொன்னேன். பிடிச்சுக்கிட்டா.

என் கட்சி இதுதான். துணி டிசைனரோடது. அதைத் தேடிப் பிடிச்சு மாடலுக்கு மாட்டிவிடறது ஸ்டைலிஸ்ட். படம் ஃபோட்டோகிராபரோடது. பக்கத்தை அடுக்குறது ஆர்ட் டைரக்டர். இத்தனை பேரும் செஞ்சு முடிச்சதைப் பார்த்து ஆசிரியர் தலையாட்டுறாங்க, இல்லேன்னா உதட்டைப் பிதுக்குறாங்க. இதை நிர்வாகம்னு சொல்லுங்க, மறுக்கல. படைப்புன்னு ஏன் சொல்லணும்?

"ஒரு தடவை நீ தலையாட்டிப் பாரு, அப்போ தெரியும்"னு சொல்லிட்டு வச்சுட்டா. இந்தத் துறையில இருக்கறவங்க சொல்லுங்க, நான் சொன்னது தப்பா?

#2 கத்தரிக்கோல்

தப்பே இல்ல. மேனேஜர் வேலை, கொஞ்சம் நல்ல செருப்போட. அவ்வளவுதான். அடுத்த இழைக்குப் போகலாம்.

#3 பழைய அட்டை

கத்தரிக்கோல் எப்போதும் போல ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். நான் பழைய இதழ்களைச் சேர்க்கிற ஆள். அச்சுத் தொழிலோ ஃபேஷனோ எனக்குச் சோறு போடவில்லை. அதனால் வெளியில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹார்ப்பர்ஸ் பஜார் என்கிற அமெரிக்க ஃபேஷன் இதழில், 1933 டிசம்பரில் ஒரு படம் உண்டு. நீச்சலுடை போட்ட ஒரு பெண், தோளில் கட்டிய மேலங்கி பின்னால் பறக்க, கடற்கரையில் ஓடி வருகிறாள். இன்று பார்த்தால் சாதாரணம், ஆயிரம் விளம்பரத்தில் பார்த்திருப்போம். அன்றைக்கு நீச்சலுடைப் படம் என்றால் ஸ்டூடியோவுக்குள், கடல் வரைந்த திரைக்கு முன்னால், மாடல் பொம்மை மாதிரி நிற்பாள். அந்த இதழுக்கும் அப்படி ஒரு தொகுப்பு எடுத்து முடித்தாகிவிட்டது. இதழே கிட்டத்தட்டத் தயார்.

அந்த நேரத்தில்தான் அந்த இதழின் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ, நீச்சலுடைப் பக்கங்களை மறுபடி எடுக்கவேண்டும் என்று நிற்கிறார். யாரை வைத்து? மார்ட்டின் முன்காச்சி என்கிற ஹங்கேரிக்காரரை வைத்து. அவர் விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர், ஃபேஷன் படம் எடுத்தவரே இல்லை. ஆங்கிலமும் தகராறு. லாங் ஐலண்டில், நவம்பர் குளிரில், மாடலை ஓடி வரச் சொல்லிக் கையை ஆட்டி ஆட்டிப் புரியவைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஃபேஷன் படத்தில் மனிதர்கள் நகர ஆரம்பித்தார்கள்.

ஸ்னோ கேமராவைத் தொடவில்லை. ஆனால் முடிந்துபோன பக்கங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, விளையாட்டுப் படக்காரரைக் குளிரில் கடற்கரைக்குக் கூட்டிப்போவது யாருக்குத் தோன்றும்?

#4 வெள்ளைத்தாள்

கதை அருமை. ஆனா ஐயா, இதுலயும் எடுத்தது முன்காச்சிதானே? குருட்டு அதிர்ஷ்டம்னு ஏன் சொல்லக்கூடாது? ஒருத்தரைப் பிடிச்சாங்க, அவர் திறமைசாலியா இருந்துட்டார்.

#5 கத்தரிக்கோல்

அதானே. லாட்டரி வாங்கினவரைப் படைப்பாளின்னு சொல்ற மாதிரி இருக்கு.

#6 பழைய அட்டை

ஒரு முறை விழுந்தால் லாட்டரி. ஸ்னோவுக்குத் தொடர்ந்து விழுந்ததே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

1934இல் அலெக்சி பிரோடோவிச் என்ற ரஷ்யரை ஆர்ட் டைரக்டராகக் கொண்டுவருகிறார். பக்கத்தில் வெள்ளை இடத்தைக் காலியாக விடலாம், படத்தை ஓரத்தில் வெட்டலாம் என்பதெல்லாம் அவர் கையில் பழகிய வித்தை. 1936இல் பத்திரிகை அனுபவமே இல்லாத ஒரு பெண்ணை, அவர் ஆடிக்கொண்டிருந்த அழகையும் உடுத்தியிருந்த உடையையும் பார்த்து, வேலைக்கு வா என்கிறார். அந்தப் பெண் டயானா வ்ரீலண்ட். 1940களின் நடுவில், பிரோடோவிச்சின் வகுப்பில் படித்த ஓர் இளைஞர் உள்ளே வருகிறார். ஃபோட்டோகிராபர் ரிச்சர்ட் அவெடன். இந்த மூன்று பேரை எடுத்துவிட்டால் அந்த நூற்றாண்டின் ஃபேஷன் இதழ் வரலாற்றில் பாதி காலி.

1947 பிப்ரவரி 12, பாரிசில் டிசைனர் டியோரின் முதல் காட்சி. போர் முடிந்து துணிப் பஞ்சம் தீராத நேரத்தில், கெண்டைக்கால் வரை மீட்டர் மீட்டராகத் துணி விரிந்த பாவாடைகள். அதைப் பார்த்து ஸ்னோ வாயிலிருந்து வந்த வார்த்தைதான் "நியூ லுக்". அந்தப் பாணிக்கே அது பெயராகிவிட்டது. உடையை டியோர் செய்தார். இதுதான் செய்தி என்று அந்த அறையில் உட்கார்ந்தபடியே கண்டுகொண்டவர் ஆசிரியர்.

ஒரு சின்னத் திருத்தம், நானே முந்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஃபாரம்16 அண்ணன் வந்துவிடுவார்: 1933இல் ஸ்னோ தலைமை ஆசிரியர் இல்லை, ஃபேஷன் ஆசிரியர்தான். தலைமைப் பதவி 1934இல் வந்தது. அதாவது அந்தக் கடற்கரை முடிவை எடுத்தபோது அவருக்கு முழு அதிகாரம் கிடையாது. மேலே இருந்தவர்களைச் சம்மதிக்க வைத்துத்தான் சாதிக்க வேண்டியிருந்தது.

#7 ஃபாரம்16

வந்துட்டேன். திருத்தம் ஏற்கப்பட்டது.

நான் இருபத்திரண்டு வருஷம் இதழ் லேஅவுட்லயும் அச்சகத்துலயும் குப்பை கொட்டினவன். வெள்ளைத்தாள் தங்கச்சி கேட்ட கேள்விக்கு அச்சகத்துப் பக்கமிருந்து ஒரு பதில்.

இதழ் எப்படி உருவாகுதுன்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது. சுவர்ல ஒரு பெரிய பலகை. இதழோட ஒவ்வொரு பக்கமும் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதா அச்சடிச்சு, வரிசையா குத்தி வச்சிருப்போம். விளம்பரப் பக்கத்துக்கு ஒரு நிறம், நம்ம பக்கத்துக்கு வெள்ளை. பக்கம் எட்டு, பதினாறுன்னு ஃபாரம் (ஒரே தாள்ல சேர்ந்து அச்சாகிற பக்கங்கள்) கணக்குலதான் ஓடும், நினைச்ச மாதிரி ஒரு பக்கம் கூட்ட முடியாது. ஒன்னை உள்ள கொண்டுவந்தா இன்னொன்னைத் தூக்கணும். தூக்குறதுக்குப் பின்னாடி ஒரு ஃபோட்டோகிராபர், ஒரு ஸ்டைலிஸ்ட், மூணு நாள் தூங்காத அசிஸ்டென்ட் எல்லாரும் இருப்பாங்க.

நான் பார்த்த ஆசிரியர்கள்ல ரெண்டு ரகம். ஒரு ரகம் பலகை முன்னாடி வந்து நின்னு, "எல்லாமே நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அந்த இதழைப் படிச்சா உப்பில்லாத கஞ்சி. இன்னொரு ரகம், பேசாம பார்ப்பாங்க. திடீர்னு 84ஆம் பக்கத்தைப் பிடுங்கி 60க்கு முன்னாடி குத்துவாங்க. அவ்வளவுதான் செஞ்சது. ஆனா அதுவரைக்கும் தனித்தனியா கிடந்த பத்துப் படத்துக்கு ஒரு ஓட்டம் வந்துடும். வேகமா போயிட்டிருந்த இதழ் ஓரிடத்துல மூச்சு வாங்கும், அப்புறம் திரும்ப எழும். அந்த ஓட்டத்தை ஃபோட்டோகிராபர் செய்யல, ஸ்டைலிஸ்ட் செய்யல. அவங்கவங்க பத்துப் பக்கம்தான் அவங்களுக்குத் தெரியும்.

எங்க ஆளுங்க இன்னும் சொல்லிச் சிரிக்கிற ஒரு விஷயம். 1988 நவம்பர், அமெரிக்க வோக் இதழ்ல ஆசிரியர் அன்னா வின்டூரோட முதல் அட்டை. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா அங்க அட்டைன்னா அவெடன் எடுத்த நெருக்கமான முகம், ஸ்டூடியோ வெளிச்சம், பளிங்கு மாதிரி. இவங்க அனுப்பினது பீட்டர் லிண்ட்பெர்க் தெருவுல எடுத்த படம். மாடல் மிகைலா பெர்கு கேமராவைப் பார்க்கல, கண்ணு பாதி மூடியிருக்கு, முடி பறக்குது. மேல கிறிஸ்டியன் லக்ருவாவோட 10,000 டாலர் ஜாக்கெட், கல் பதிச்ச சிலுவை வச்சது. கீழ 50 டாலர் ஜீன்ஸ். அந்த ஜாக்கெட்டுக்குச் சேர்ந்த பாவாடை மாடலுக்குப் பத்தல, அதான் ஜீன்ஸ் வந்தது. அது அட்டைக்குன்னு எடுத்த படமே இல்ல.

அச்சகத்துலேருந்து ஃபோன் போட்டுக் கேட்டிருக்காங்க, "படம் மாறி வந்திருச்சா?"ன்னு. நான் அந்த நாற்காலியில இருந்திருந்தா நானும் கேட்டிருப்பேன். பாவாடை பத்தாம போனது தற்செயல். ஜீன்ஸ் மாட்டினது ஸ்டைலிஸ்ட். அந்தத் தற்செயலைப் புது வேலையில சேர்ந்த கையோட, எல்லாரும் கண்கொத்திப் பாம்பா பார்த்துட்டு இருக்கும்போது, முதல் அட்டையில போடுறது இருக்கே, அது வேற யாரோட வேலை?

#8 வெள்ளைத்தாள்

சரி, பாதி இறங்கி வர்றேன். 84ஐ 60க்கு முன்னாடி குத்தினதுதான் என்னைக் கொஞ்சம் அசைச்சது, ஜாக்கெட் இல்ல.

#9 நூல்கண்டு

எல்லாரும் ஆசிரியர்களுக்கு மாலை போட்டு முடிச்சாச்சா? கீழ இருந்தவ நான் கொஞ்சம் பேசறேன்.

நான் ஒரு இதழ்ல ஃபேஷன் அசிஸ்டென்டா மூணு வருஷம். பேர் வேண்டாம். ஷூட்டுக்கு டிசைனர்கள்கிட்டேருந்து சாம்பிள் வரும். சாம்பிள்னா ஒரே சைஸ், ஒரே ஒரு உருப்படி, உலகம் முழுக்கச் சுத்திட்டு நம்மகிட்ட ரெண்டு நாள் இருக்கும். மாடலுக்குத் தொளதொளன்னு இருந்தா முதுகுப்பக்கம் மடிச்சு கிளிப் போடுவோம். படத்துல இடுப்பு கச்சிதமா தெரியும். பின்னாடி போய்ப் பார்த்தா ஆபீஸ் ஃபைல்ல போடற கறுப்பு கிளிப் ஏழெட்டு வரிசையா நிக்கும், முதலை முதுகு மாதிரி. செருப்பு பெருசா இருந்தா முன்னாடி டிஷ்யூ திணிப்போம். அடிப்பக்கம் டேப் ஒட்டுவோம், கீறல் விழாம திருப்பி அனுப்பணும்ல. திருப்பி அனுப்பற லிஸ்ட்தான் அசிஸ்டென்டோட உயிர்.

ஒரு ஷூட்ல ஒரு ஜோடியில ஒத்தைச் செருப்பு காணோம். ஆசிரியர் எல்லார் முன்னாடியும் என் லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டாங்க. நிஜமாவே கிழிச்சாங்க. செருப்பு அப்புறம் அவங்க கார் டிக்கியிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சாரி கிடையாது.

அதைவிடக் கொடுமை அதுக்கப்புறம் நடந்தது. அடுத்த மாசத்துலேருந்து யாருமே புதுசா எதையும் எடுத்துட்டுப் போகல. அவங்களுக்குப் பிடிக்கும்னு தெரிஞ்ச நிறம், பிடிக்கும்னு தெரிஞ்ச மாடல். திட்டு வாங்காம ஷூட் முடியணும், வேற எண்ணமே இல்ல. அவங்களோ, "இங்க யாருக்கும் ஐடியாவே இல்ல"ன்னு மேல புகார் சொல்லிட்டு இருந்தாங்க. ரசனையில அவங்களை அடிச்சுக்க ஆள் இல்ல, அதை இன்னிக்கும் ஒத்துக்கறேன். ஆனா அந்த இதழ் ரெண்டு வருஷத்துல செத்த பாம்பு.

#10 கத்தரிக்கோல்

கஷ்டம்தான். ஆனா கண்டிப்பே இல்லாம ஒரு இதழ் நேரத்துக்கு வெளிய வராது. தட்டிக்கொடுத்தா தலையில ஏறி உக்காருவாங்க.

#11 நூல்கண்டு

கண்டிப்பும் பேப்பரைக் கிழிக்கிறதும் ஒன்னா? எட்னா வூல்மன் சேஸ்னு ஒரு அம்மா, வோக்கை 1914லேருந்து 1952 வரைக்கும் ஆண்டாங்க. ஆபீசுக்கு வர்ற பொண்ணுங்க கறுப்பு ஸ்டாக்கிங், வெள்ளைக் கையுறை, தொப்பி போட்டுத்தான் வரணும்னு சட்டம் போட்டவங்க. அவங்களைவிடக் கண்டிப்பு யார்? ஆனா அவங்க 1895ல பதினெட்டு வயசுல கவர் மேல அட்ரஸ் எழுதற வேலைக்குச் சேர்ந்து படிப்படியா ஏறினவங்க. எந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும்னு கைக்குத் தெரியும். கிழிக்கிறவங்களுக்கு லிஸ்ட் எழுதின கை வலி தெரியாது.

#12 ஃபாரம்16

நூல்கண்டு, நல்ல ஆளை இழுத்துட்டு வந்தீங்க. சேஸ் அம்மா பதவிக்கு வந்த வருஷத்தைப் பாருங்க, 1914. ஐரோப்பாவுல போர். அமெரிக்க இதழ்களுக்கு ஃபேஷன்னா பாரிஸ்தான், அங்கேருந்து வரத்து நிக்கப்போகுதுன்னு பயம். பக்கத்தை எதை வச்சு நிரப்புறது? வேற யாராவதா இருந்தா பழைய படத்தைத் தூசு தட்டியிருப்பாங்க. இவங்க நியூயார்க் கடைக்காரங்க, தையல்காரங்களையெல்லாம் சேர்த்து, நீங்களே புதுசா செய்ங்கன்னு சொல்லி, அந்த நவம்பர்ல "ஃபேஷன் ஃபேட்"னு ஒரு காட்சியே நடத்திட்டாங்க. போர் நிவாரண நிதிக்குன்னு சொன்னதால ஊர்ப் பெரிய மனுஷிகளும் ஆதரவு கொடுத்தாங்க. அமெரிக்க டிசைனர்களை மேடையேத்தின ஆரம்பகாலக் காட்சிகள்ல அது முக்கியமானது.

பக்கம் காலின்னு வந்த பிரச்சினைக்கு ஒரு தொழிலையே தட்டி எழுப்பினாங்க. இதை நிர்வாகம்னு எழுதறதா, கற்பனைன்னு எழுதறதா? எனக்குக் கோடு தெரியல.

#13 பழைய அட்டை

போர்க்காலம் என்றதும் ஆட்ரி விதர்ஸ் நினைவுக்கு வருகிறார். பிரிட்டிஷ் வோக், 1940 முதல் 1960 வரை. காகிதத்துக்கு ரேஷன், துணிக்கு ரேஷன், மேலே குண்டு. அப்போது தொழிற்சாலைக்குப் போன பெண்களின் நீளமான கூந்தல் இயந்திரத்தில் சிக்கி விபத்து நடந்துகொண்டிருந்தது. குட்டை முடிதான் இப்போது அழகு என்று இதழ்கள் எழுதவேண்டும் என அரசாங்கமே கேட்டது. உத்தரவு போட்டால் யாரும் கூந்தலை வெட்டமாட்டார்கள், வோக் சொன்னால் வெட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே விதர்ஸ்தான் லீ மில்லரைப் போர்க்களத்துக்கு அனுப்பி, அவர் அனுப்பிய படங்களையும் கட்டுரைகளையும் தொப்பி விளம்பரங்களுக்கு நடுவே போட்டவர். மில்லர் முன்பு மாடலாக இருந்தவர்.

#14 தூரிகை

நேரம் கழிச்சு வர்றேன். எல்லாரும் அமெரிக்கா, பிரிட்டன்னு சுத்தறீங்க. ஃபிராங்கா சொத்சானி பேரே வரலையே?

வோக் இத்தாலியா, 1988லேருந்து 2016ல அவங்க இறக்கற வரைக்கும். இத்தாலி மொழியை இத்தாலிக்கு வெளிய எத்தனை பேர் படிப்பாங்க? படிக்க முடியாத இதழை உலகம் முழுக்க வாங்க வைக்கணும். அதனால படத்துலேயே பேச ஆரம்பிச்சாங்க. ஸ்டீவன் மெய்செல்னு ஒரே ஃபோட்டோகிராபர்கிட்ட அட்டையைக் கொடுத்துட்டு வருஷக்கணக்கா கூட நின்னாங்க. 2008 ஜூலை இதழ்ல முழுக்கக் கறுப்பின மாடல்கள். கறுப்பு முகம் அட்டையில வந்தா விற்காதுன்னு துறையே சத்தியம் பண்ணிட்டு இருந்த நேரம். இதழ் தீர்ந்துபோய் மறுபடி அச்சடிச்சாங்க.

2010 ஆகஸ்ட் இதழ்ல மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவைப் பத்தின தொகுப்பு. கிறிஸ்டன் மெக்மெனமியை எண்ணெயில தோய்ஞ்ச பறவை மாதிரி பாறை மேல கிடத்தி எடுத்த படங்கள். என்னைக் கேட்டா எந்த செய்தித்தாள் படத்தைவிடவும் அது உள்ள போய்த் தைச்சது.

#15 நூல்கண்டு

தூரிகை அண்ணா, 2008 இதழுக்கு ஆயிரம் கும்பிடு. 2010ஐ நான் ஒத்துக்க மாட்டேன். செத்த பறவை மாதிரி கிடக்கிற பொண்ணு போட்டிருக்கற உடைக்குப் பக்கத்துல பிராண்ட் பேர் எழுதியிருக்கும்ல? எண்ணெயில செத்தது பறவைங்க, லாபம் உடைக்கு. எனக்கு அது கசக்குது.

#16 தூரிகை

உடையைக் காட்டாம ஃபேஷன் இதழ் எப்படிப் பேசும்மா? அவங்களுக்குத் தெரிஞ்ச பாஷை அதுதான். பேசாம இருந்திருக்கலாம்னு சொல்றீங்களா?

#17 நூல்கண்டு

சில நேரம், ஆமா.

#18 வெள்ளைத்தாள்

நான் வேற ஒன்னு கேக்கறேன். ரசனை உச்சத்துல இருந்தும் ஆசிரியரா தோத்தவங்க உண்டா? என் தோழிக்கு அதுதான் பயம். அவ நல்ல ஸ்டைலிஸ்ட்.

#19 பழைய அட்டை

வ்ரீலண்ட். ஸ்னோ கண்டெடுத்த அதே பெண். 1962இல் வோக்குக்கு மாறி, அடுத்த வருடம் தலைமை ஆசிரியர் ஆனார். கற்பனை என்றால் அப்படி ஒரு கற்பனை. 1966 அக்டோபர் இதழுக்காக அவெடனையும் மாடல் வெருஷ்காவையும் ஜப்பான் பனிமலைக்கு அனுப்பி, ரோம அங்கிகளை வைத்து 26 பக்கக் கதை ஒன்றை எடுக்க வைத்தார். செலவு பத்து லட்சம் டாலர் என்று சொல்வார்கள். அறுபதுகள் பொங்கிக்கொண்டிருந்தவரை அது செல்லுபடியானது. பிறகு விளம்பரம் சரிந்தது, வேலைக்குப் போகும் பெண்கள் அன்றாடம் உடுத்தும் உடையைத் தேட ஆரம்பித்தார்கள். 1971இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பின்னாடி வந்தவர் கிரேஸ் மிராபெல்லா, வ்ரீலண்டிடமே உதவியாளராக இருந்தவர். முதல் வேலையாக வ்ரீலண்டின் சிவப்பு அறைக்கு வெளிர் பழுப்பு அடித்தார் என்பது துறையில் பிரபலமான கதை. வேலைக்குப் போகும் பெண் போடக்கூடிய உடைகளைக் காட்டினார். அவர் காலத்தில் விற்பனை நான்கு லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சத்துக்கு ஏறியது.

ஆனால் கேளுங்கள், வெள்ளைத்தாள். இவ்வளவு விற்ற மிராபெல்லாவையும் 1988இல் தூக்கினார்கள். பதினேழு வருடம் நடத்திய இதழிலிருந்து தன்னை நீக்கிய சேதி அவருக்கு டிவி வழியாக வந்தது. வ்ரீலண்டோ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்குப் போய், அங்கே நடத்திய கண்காட்சிகளால் மறுபடி கொடி நாட்டினார். விற்றவர் பெயரைத் துறைக்கு வெளியே இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தோற்றவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இதில் மிராபெல்லா மேல்தான் பரிவு. பழுப்பு நிறத்தைக் கிண்டல் செய்வது சுலபம். வாசகி மாறிவிட்டாள் என்று கண்டுகொள்வதும் கற்பனைதான், பளபளப்பு இல்லாத கற்பனை.

#20 கத்தரிக்கோல்

இதுக்கு மட்டும் லைக். பன்னிரண்டு லட்சம் பேரை ஏமாத்த முடியாது.

#21 புதுஇழை

வணக்கம். இங்கே முதல் பதிவு. ஒரு இதழில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது, நூல்கண்டு அக்கா சொன்ன கிளிப் முதலையை நேற்றுதான் நேரில் பார்த்தேன். எனக்கும் ஒருநாள் ஆசிரியர் ஆகவேண்டும் என்று ஆசை. இப்போதிருந்தே எதைக் கற்றுக்கொள்வது?

#22 ஃபாரம்16

தம்பியோ தங்கச்சியோ, முதல்ல பலகை முன்னாடி போய் நில்லுங்க. தினமும் பத்து நிமிஷம். எந்தப் பக்கம் எங்க இருந்து எங்க போச்சுன்னு பாருங்க, ஏன்னு உங்களுக்குள்ளயே கேட்டுக்கோங்க. யாரும் சொல்லித்தர மாட்டாங்க. விளம்பரப் பிரிவுல ஒரு ஆளை நண்பரா வச்சுக்கோங்க. எந்த விளம்பரதாரர் "எங்க உடை உள்ள பக்கத்துலயும் வரணும்"னு முறைக்கிறார்னு தெரிஞ்சாத்தான், உங்க ஆசிரியர் எதைத் தாங்கிட்டு உங்க படத்தைப் போட்டார்னு புரியும்.

#23 நூல்கண்டு

நான் ஒரு காட்சி சொல்றேன், புதுஇழை. 2007 செப்டம்பர் வோக், 840 பக்கம். அது தயாரான கதை ஆவணப்படமா வந்திருக்கு. கிரேஸ் கோடிங்டன் அப்போ அங்க கிரியேட்டிவ் டைரக்டர், வின்டூர் தலைமை. கோடிங்டன் உயிரைக் கொடுத்துச் செஞ்ச பக்கங்களை வின்டூர் ஒவ்வொன்னா பலகையிலேருந்து எடுத்துக்கிட்டே இருப்பாங்க. கோடிங்டன் முகத்தைப் பார்க்கணுமே. எனக்கு என் லிஸ்ட் ஞாபகம் வந்துடுச்சு.

கடைசி நேரத்துல ஒரு ஷூட். கோடிங்டன் அந்த ஆவணப்படத்தோட கேமராமேனையே இழுத்து, மாடல் கூடச் சேர்ந்து குதிக்கச் சொல்லிப் படம் எடுத்துடறாங்க. கொஞ்சம் தொப்பை உள்ள மனுஷன். வின்டூர் பார்த்துட்டு, தொப்பையைக் கம்ப்யூட்டர்ல சரிபண்ணணும்ங்கறாங்க. கோடிங்டன் உடனே ஃபோனை எடுத்து, தொப்பையில கை வைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்னு சொல்லிடறாங்க. தொப்பையோடவே அச்சாச்சு.

இதுல யார் ஆசிரியர், யார் படைப்பாளின்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். வின்டூர் அந்தம்மாவோட எத்தனையோ பக்கத்தைத் தூக்கினாங்க. ஆனா ஃபோனை எடுத்து மறுத்துப் பேசற ஒருத்தரை இருபது வருஷம் பக்கத்துலேயே வச்சிருந்தாங்க. என் பழைய ஆசிரியர்கிட்ட ரசனை இருந்தது, மறுத்துப் பேச இடம் கொடுக்கற மனசுதான் இல்ல.

#24 தூரிகை

வின்டூரை ரொம்பவும் தூக்கிடாதீங்கம்மா.

#25 நூல்கண்டு

தூக்கல, முடிக்க விடுங்க. 2018 செப்டம்பர் இதழ், பியான்சே அட்டை. எடுத்தவர் டைலர் மிட்செல், வயசு 23. அமெரிக்க வோக்கோட 126 வருஷத்துல அட்டைப்படம் எடுத்த முதல் கறுப்பின ஃபோட்டோகிராபர். எல்லாரும் கைதட்டினாங்க. நான் கணக்குப் போட்டேன். அந்த 126ல கடைசி முப்பது வருஷம் தலையாட்டற நாற்காலியில இருந்தது இவங்கதான். 2020ல, கறுப்பின ஊழியர்களுக்கும் கலைஞர்களுக்கும் போதுமான இடம் கொடுக்கலன்னு அவங்களே உள்ளுக்குள்ள கடிதம் எழுதி ஒத்துக்கிட்டாங்க. முன்காச்சியைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனதுக்கு ஸ்னோவுக்குப் பேர் கொடுத்தா, முப்பது வருஷம் யாரைக் கூட்டிட்டுப் போகலங்கறதும் அதே பேரேட்டுலதான் வரணும்.

அதே 2020 ஜூலைல பிரிட்டிஷ் வோக்ல அப்போ ஆசிரியரா இருந்த எட்வர்ட் எனின்ஃபுல் என்ன பண்ணார்? கொரோனா ஊரடங்கு, ஷூட் கிடையாது, நடிகைகள் கிடையாது. ரயில் ஓட்டற பொண்ணு, பிரசவம் பார்க்கற நர்ஸ், சூப்பர்மார்க்கெட்ல வேலை பார்க்கற பொண்ணு. மூணு பேருக்கும் மூணு அட்டை. அவர் பதினெட்டு வயசுல ஒரு இதழுக்கு ஃபேஷன் டைரக்டர் ஆனவர், ஸ்டைலிஸ்டா வளர்ந்தவர். வெள்ளைத்தாள், இதை உங்க தோழிக்கு அனுப்புங்க.

#26 வெள்ளைத்தாள்

அனுப்பிட்டேன். முழு இழையையும் படிச்சிருக்கா. காலையில ஃபோன் வந்தது.

அவளோட முதல் இதழுக்கு அட்டை ரெடி. விளம்பரப் பிரிவுக்குப் பிடிச்ச ஒன்னு, ஆர்ட் டைரக்டருக்குப் பிடிச்ச ஒன்னு. ரெண்டையும் எனக்கு அனுப்பி, "எதுக்குத் தலையாட்டுவே? பத்து நிமிஷம் டைம்"னு சொன்னா. நான் நாற்பது நிமிஷம் முழிச்சேன். முதல் படம் பளிச்சுனு இருக்கு, போன வருஷம் எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கு. ரெண்டாவதுல மாடல் சிரிப்பை அடக்கிட்டு வேற எங்கேயோ பார்க்கறா, எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா விற்கலைன்னா? அந்த ஆர்ட் டைரக்டர் புதுப் பையனாம், விற்கலைன்னா முதல்ல அவன் தலைதான் உருளும்னு சொன்னா.

கடைசியில "தெரியல"ன்னு மெசேஜ் போட்டேன். அவ ரெண்டாவதை ஏற்கெனவே அச்சுக்கு அனுப்பிட்டாளாம். "ஏன்னு கேட்டா என் பேரைச் சொல்லு"ன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டுத்தான் அனுப்பினாளாம். நேத்து சொன்னதை வாபஸ் வாங்கறேன்.

#27 கத்தரிக்கோல்

நான் வாங்கல. இதழ் வரட்டும், எண்ணிக்கையைப் பார்த்துட்டுப் பேசறேன்.

#28 ஃபாரம்16

அச்சகத்துலேருந்து ஃபோன் வந்துச்சான்னு கேளுங்க தங்கச்சி.

#29 புதுஇழை

அக்கா, ஒரு அவசரச் சந்தேகம், இழைக்குச் சம்பந்தமில்லை. நாளைக்கு ஷூட்டில் மாடலைப் பின்பக்கமிருந்தும் எடுக்கப்போகிறார்களாம். அப்போது கிளிப்பை என்ன செய்வது?

#30 நூல்கண்டு

பின்பக்கப் படத்தை முதல்ல எடுத்துடச் சொல்லு. அதுக்கு உள்பக்கமா ஊசி நூலால நாலு தையல் தளர்வா போடு, முடிஞ்சதும் உருவிடலாம். முன்பக்கம் வரும்போது கிளிப். அப்புறம் லிஸ்ட்ட ரெண்டு காப்பி எழுதிக்கோ, ஒன்னு பையிலேயே இருக்கட்டும்.